திருத்தியவனின் பிழை

லெட்ஜரில் ஒரு தொகையை அடித்தால், அடித்தது தெரியவேண்டும். பக்கத்தில் இனிஷியலும் வேண்டும். இந்தக் குமாஸ்தாப் பழக்கத்தோடுதான் டெபியன் சரித்திரத்தை வாசித்தேன். யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்ற சுதந்திரத்தின் மேல் எழுந்த இயங்குதளம் அது. 2006இல் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் பகுதியில், சோதனைக் கருவி குறை சொன்ன இரண்டு வரிகளை ஒருவர் நீக்கினார், விசாரித்துவிட்டுத்தான் நீக்கினார். அவற்றில் ஒன்றே ரகசியச் சாவிகளுக்கு ஊகிக்கமுடியாத தன்மையைத் தந்துவந்தது. மிஞ்சியது, ஓடும் நிரலின் அடையாள எண் மட்டும். அந்நாளில் வழக்கமாக அது 32,768ஐத் தாண்டியதில்லை. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோவின் கண்டுபிடிப்பு வெளியாகும்வரை சாவிகள் பலவீனமாகவே பிறந்தன. பிரதி திறந்திருப்பது வேறு, வாசிக்கப்படுவது வேறு. ஆனால் அடித்த சுவடு அங்கே இருந்தது. பிழைக்குத் தேதி சொல்ல முடிந்தது. என் மதிப்புரைகளில் எதை அடித்தேன் என்பதற்கு என்னிடமே சாட்சியில்லை.