நலமடைதலை அளத்தல்: இடுப்பு மூட்டுச் சிகிச்சை வரலாற்றில் ஒரு நோக்கு

சத்திரசிகிச்சை பயனளித்தது என்று கூறும் உரிமை யாருக்குரியது என்ற வினா மருத்துவ வரலாற்றிலே மிகப் பிந்தியே எழுந்தது. பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியரான ஏர்ணஸ்ற் கொட்மன், 1911இல் தாம் தொடங்கிய சிறு வைத்தியசாலையில் ஒவ்வொரு நோயாளருக்கும் ஓர் அட்டை வகுத்து, ஓராண்டு கழிந்தபின் அவர் நிலை யாதெனப் பதிந்துவந்தார். தம் தவறுகளையும் அச்சிட்டு வெளியிட்டார். சக வைத்தியர் பலர் அதனை விரும்பவில்லை. அத்துணைத் துணிவுடைய அவரிடத்தும் அட்டையை நிரப்பும் எழுதுகோல் வைத்தியர் கையிலேயே இருந்தது.

இடுப்பு மூட்டு உடலின் ஆழத்திலே தடித்த தசைகளால் மூடப்பட்டது. 1931இல் நியூயோர்க்கில் மைக்கல் பேர்மன் சடலங்களின் மூட்டுகளுள் உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி ஆராய்ந்தபோது, தொடையெலும்பின் தலைக்கும் அதனை ஏந்தும் குழிக்கும் இடையே ஊசி நுழைத்தல் இயலாதென்றே கண்டார். 1939இல் யப்பானியரான கெஞ்சி தக்காகி நோயாளரிடத்து அதனைக் கையாண்டமையை வெளியிட்டார். காலை இழுத்து மூட்டை விரிக்கும் முறை கைவந்த பின்னரே இச்சிகிச்சை வளர்ந்தது. எலும்பு விளிம்புகள் ஒன்றோடொன்று முட்டுவதால் இளவயதினர்க்கு நோவுண்டாதலை றைன்ஹோல்ட் கான்ஸ் முதலியோர் 2003இல் விளக்கியதும் அது மேலும் பரவிற்று.

கருவி புதிதாயினும் அளவுகோல் பழையது. பொஸ்ரனைச் சேர்ந்த வில்லியம் ஹரிஸ் 1969இல் வகுத்த நூறு புள்ளி அளவில் நோவின்மைக்கு 44, நடமாட்டம் முதலிய செயல்களுக்கு 47. சப்பாத்தும் காலுறையும் அணிதல் 4 புள்ளி. நாற்காலியில் ஒரு மணிநேரம் இருத்தல் 5. பொதுப் போக்குவரத்தில் ஏறுதல் 1. மூட்டு முறிந்து சிதைந்தோர்க்காக வகுத்த இவ்வளவே, சிறு மாற்றத்துடன், 2000 முதல் உள்நோக்குச் சிகிச்சைக்கும் பயன்பட்டது.

புள்ளி எத்துணை உயர்ந்தால் நோயாளி அதனை உணர்வார்? கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெஷ்கே, சிங்கர், கயற் ஆகிய மூவரும் 1989இல் இதற்கு விடை தேடினர். 'சிறிது தேறினேன்' என்று தாமே கூறியோரின் புள்ளி சராசரியாக எவ்வளவு மாறியதென்று கண்டு, அதனையே பயன்தரு வேறுபாட்டின் கீழெல்லையாகக் கொண்டனர். எழுதுகோல் ஒருவாறு நோயாளி கைக்கு மாறியது எனலாம். பிரித்தானியாவில் 348 பேரிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், சத்திரசிகிச்சை பெற்றோர் உடற்பயிற்சிச் சிகிச்சை பெற்றோரினும் ஓராண்டின் பின் 6.8 புள்ளி மேம்பட்டிருந்தனர், கீழெல்லை 6.1. வென்றது உண்மை, ஆயினும் மயிரிழையில் வென்றது. அதுவும் குழுவின் சராசரி. தனியொருவர் தேறினாரா என்பதை அது கூறாது.

இவ்வெண்களைக் கொழும்புக்குக் கொணரும்போதே இடர் தோன்றுகின்றது. கொட்டாஞ்சேனையில், இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலிலே சப்பாணி கட்டி இருப்பவரும், அண்மையிலுள்ள புனித லூசியா பேராலயத்தில் முழந்தாளிடுபவரும், வெள்ளவத்தை வீடொன்றில் குந்தியிருந்து தேங்காய் துருவுபவரும் ஹரிஸின் அளவில் எங்கே இடம்பெறுகின்றனர்? மூட்டு முட்டும் நோயில் மிகுதியாக நோவது ஆழ மடங்கும்போதே. அம்மடக்கத்துக்கு அதில் தனிப்புள்ளி இல்லை. செருப்பணிந்து செல்வோர்க்குக் காலுறைப் புள்ளி உண்டு! பின்னெழுந்த அளவுகள் சிலவற்றில் ஆழக் குந்துதல் இடம்பெற்றமை நன்று.

மொழியும் ஒரு தடை. 'இடுப்பு நோகின்றது' என்று சொல்லும் தமிழர் பெரும்பாலும் முதுகின் அடியையே குறிக்கின்றார். மருத்துவர் தேடும் நோவோ தொடைச்சந்தில் உள்ளது. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1867இல் 'இரண வைத்தியம்' நூலைத் தமிழில் வெளியிட்டபோது உறுப்புகளுக்குச் சொல் தேடும் பணி முறையாகவே நடந்தது. 1870இல் தொடங்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. கேள்விக்கொத்தைத் தமிழாக்குவோர் 'இடுப்பு' என எழுதிவிட்டு அமைவாராயின், மூட்டுத் தேறியவரும் முதுகு நோவுக்காகப் புள்ளி இழப்பர். உளைவு, கடுப்பு, குத்து, விறைப்பு என நோயாளர் வேறுபடுத்தும் நோவுகள் அனைத்தும் ஒரே கோட்டின் மீது ஒரு குறியாகச் சுருங்கும்.