கறுப்பு மணலும் கார் டேஷ்போர்டும்

பழைய காரின் டேஷ்போர்டு, கதவுப் பேனல் இதற்கெல்லாம் வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கிறார்கள் இல்லையா, இந்தக் கட்டுரை அதன் வரலாறு பற்றி. "இதில் என்னப்பா வரலாறு?" என்று கேட்கலாம். இருக்கிறது. அதில் ஒரு பகுதி எங்கள் மண்டைக்காட்டுக் கடற்கரையிலேயே கிடக்கிறது.

மாசிக் கொடைக்கு பகவதி அம்மன் கோயிலுக்கு வந்தவர்கள் கடற்கரையையும் பார்த்திருப்பீர்கள். மணலில் கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடும். அது அழுக்கு இல்லை. அதில் பெரும்பகுதி இல்மனைட், அதாவது இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த கனிமம். இந்தக் கறுப்பு மணலிலிருந்துதான் பளீர் வெள்ளையான டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கிறார்கள். கிரீம், பீஜ், வெளிர் சாம்பல் என்று கார் உள்ளே பார்க்கும் எந்த வெளிர் நிறத்திலும் அனேகமாக இந்த வெள்ளைதான் அடிப்படை.

வெடிமருந்திலிருந்து வந்த ரெக்சின்

ஆரம்பகால கார்கள் குதிரை வண்டி மாதிரிதான். மர உடம்பு, தோல் இருக்கை. தோல் விலை அதிகம் என்பதால் துணியின் மேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசி செயற்கைத் தோல் செய்தார்கள். நாம் இன்றும் சொல்லும் 'ரெக்சின்' இங்கிலாந்தில் அப்படிச் செய்த ஒரு கம்பெனியின் பெயர்! (இப்போது கடையில் ரெக்சின் என்று கிடைப்பது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணி.)

நைட்ரோ செல்லுலோஸ் என்பது பஞ்சை அமிலத்தில் நனைத்துச் செய்யும் வெடிமருந்துச் சரக்கு. நீலகிரி அருவங்காடு கார்டைட் தொழிற்சாலைக்கும் அதுதான் மூலப்பொருள். முதல் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி அதை பெயிண்ட் பக்கம் திருப்பியது. 1923-ல் 'டூகோ' வந்தது. அதுவரை ஒரு காருக்கு பெயிண்ட் அடித்துக் காய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது ஞாபகம் இருக்கலாம். டூகோ மணிக்கணக்கில் காய்ந்தது, பல நிறங்களிலும் வந்தது. பட்டறைகளில் 'டூகோ அடிக்கணும்' என்று சொல்வது இங்கிருந்து வந்ததுதான். அக்காலக் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டு வெறும் இரும்புத் தகடு. வெளியே அடித்த பெயிண்டையே உள்ளேயும் அடித்தால் வேலை முடிந்தது.

ஈயம் போய் டைட்டானியம்

அன்றைய வெள்ளை பெயிண்டில் இருந்தது ஈயம். அடித்தவர்களுக்கு வயிற்றுவலி, கை தளர்ச்சி, சிலருக்கு மரணம். 1921-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்த ஒரு உடன்படிக்கையே கொண்டுவந்தது. மாற்றாக வந்த டைட்டானியம் வெள்ளைக்கு அந்த நஞ்சு இல்லை. மறைக்கும் சக்தியும் அதிகம்.

இங்கேதான் எங்கள் பகுதி உள்ளே வருகிறது. அப்போது இது திருவிதாங்கூர். இங்கிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஜெர்மானியர் ஷோம்பெர்க் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கு வலைக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. அடுத்த ஓரிரு வருடங்களில் பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. மோனசைட்டைப் பிரித்த பின் மிஞ்சிய இல்மனைட்டுக்கு முதலில் மதிப்பில்லை. 1920களில் பெயிண்ட் தொழிலுக்காக அதையே கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். 1946-ல் திருவனந்தபுரத்தில் டிராவன்கூர் டைட்டானியம் புராடக்ட்ஸ் தொடங்கியது. 1950-ல் இந்திய அரிய மணல் ஆலை நிறுவனம் உருவானது. மணவாளக்குறிச்சி ஆலை பிறகு அதன் கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்த ஸ்பிரே

1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நம் நாட்டில் பிளாஸ்டிக் உள்பாகம் சாதாரணமாகிவிட்டது. பிளாஸ்டிக்கிற்கு வெயில் எதிரி. வினைல் மிருதுவாக இருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்ல ஆவியாகிப் போகும். (கண்ணாடியின் உள்பக்கம் படியும் மங்கலில் அதுவும் உண்டு!) பிறகு வெளிறும், வெடிக்கும். வீட்டில் நிறம் மாற்றும் வேலை இதனால்தான் பிறந்தது.

'வினைல் டை' என்று விற்றாலும் அது துணிச் சாயம் போல உள்ளே ஊறாது. பெரும்பாலும் மிக மெல்லிய பெயிண்ட்தான். அதிலுள்ள கரைப்பான் மேற்பரப்பைக் கொஞ்சம் இளக்கிப் பிடித்துக்கொள்கிறது. பாலிபுரொப்பிலீன் பேனலில் அது நடக்காது. தனி பிரைமர் இல்லாமல் அடித்தால் நகத்தால் சுரண்டினாலே உரியும். முன்பு போட்ட சிலிக்கான் பாலிஷைச் சுத்தமாகத் துடைக்காவிட்டால் எதுவுமே நிற்காது. ஒரே தடவை தடிமனாக அடிப்பதை விட மூன்று நான்கு மெல்லிய பூச்சு நல்லது. திறந்த இடமும் சரியான மாஸ்க்கும் கட்டாயம். கறுப்பு பேனலை பீஜ் ஆக்க வெள்ளை நிறமி நிறைய வேண்டும். ஆனால் டேஷ்போர்டின் மேல்பகுதியை மட்டும் வெளிர் நிறமாக்காதீர்கள். முன் கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு விழுந்து சாலையை மறைக்கும்.

கணக்கு யார் தலையில்?

ஈயம் போனதால் பெயிண்ட் அடிப்பவர் தப்பித்தார். ஆனால் டைட்டானியம் எடுக்க யாருடைய கரையையாவது தோண்ட வேண்டும். மோனசைட்டால் எங்கள் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு முன்பே அதிகம். தோண்டி மோனசைட்டை எடுத்தால் கதிர்வீச்சு குறையும் என்பது ஆலைத் தரப்பு வாதம். மணல் போனால் கடல் உள்ளே வரும், புற்றுநோய் பயமும் இருக்கிறது என்பது மீனவர்கள் வாதம். 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு பக்கம் நடந்ததைப் பார்த்தவர்களிடம் போய் "மணல்தானே" என்று யார் சொல்வது? 2024-ல் கீழ்மிடாலம் முதல் கொல்லங்கோடு வரை 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக மக்கள் திரண்டதும் இதனால்தான்.

பெயிண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈயத்துக்குத் திரும்பவும் முடியாது. வெளிறிய பேனலைத் தூக்கி எறிந்து புதிது வாங்கினால் புது பிளாஸ்டிக், அதற்குள் புது நிறமி. அதையே கழுவித் துடைத்து நாலு மெல்லிய பூச்சு கொடுத்தால் இன்னும் சில வருடம் ஓடும். பட்டறைக்காரர்கள் காசுக்காகச் செய்த இந்த வேலை, எங்கள் கரைக்கும் கொஞ்சம் நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?