கொல்கத்தாவில் அகில இஸ்லாமிய அரசியல் சிந்தனை

உலக முஸ்லிம்கள் அனைவரும் ஒரே உம்மத் (சமூகம்), ஐரோப்பிய ஆதிக்கத்தை அவர்கள் ஒன்றுபட்டு எதிர்க்க வேண்டும் என்னும் கருத்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. அதன் முன்னோடி ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி 1882 நவம்பரில் கல்கத்தா ஆல்பர்ட் ஹாலில் (பின்னாளில் காபி ஹவுஸ் வந்த இடம்) உரையாற்றினார். அதில் அரசியலைவிடக் கல்வியே மிகுதி: முஸ்லிம் அறிவு, ஐரோப்பிய அறிவு என்று கூறுபோட்ட உலமாக்களை (மார்க்க அறிஞர்களை) அவர் சாடினார்.

இச்சிந்தனை நகரில் வேரூன்றியது அபுல் கலாம் ஆசாத்தால். மக்காவில் 1888இல் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த அவர், இளமையில் ஈராக், எகிப்து, துருக்கி நாடுகளுக்குச் சென்றார். அங்கு அவர் கண்ட புரட்சியாளர்கள், இந்திய முஸ்லிம்கள் ஆங்கிலேயருக்குத் துணைபோவதேன் என்று வியந்தார்களாம். திரிப்போலி மீது இத்தாலி தொடுத்த போர் நடந்துகொண்டிருந்த 1912 ஜூலையில் ஆசாத் 'அல்-ஹிலால்' என்னும் உருது வார இதழைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் வாரம் 26,000 படிகள் போயின என்பது அவருடைய கணக்கு. அரசு 2,000 ரூபாய் ஜாமீன் தொகை கேட்டது, அதைப் பறிமுதல் செய்தது, அடுத்து 10,000 கேட்டது. 1914இல் இதழ் நின்றது. 1916இல் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆசாத், 1920 தொடக்கம் வரை ராஞ்சியில் காவலில் இருந்தார்.

துருக்கிக் கலீபாவின் பதவியைக் காக்க எழுந்த கிலாபத் இயக்கத்துக்கும் கல்கத்தா முக்கியக் களம். 1920 பிப்ரவரியில் இங்கு கூடிய மாகாண கிலாபத் மாநாட்டுக்கு ஆசாத் தலைமை வகித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் லாலா லஜபதி ராய் தலைமையில் இங்கு கூடிய காங்கிரஸ் சிறப்பு மாநாடு கிலாபத் கோரிக்கையையும் முன்வைத்து ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்றது.

1924 மார்ச் 3 அன்று துருக்கி நாடாளுமன்றமே கலீபா பதவியை ஒழித்தது. இந்தியாவில் அதைக் காக்கப் போராடியவர்களுக்குக் கையில் ஏதும் மிஞ்சவில்லை. அகில இஸ்லாமியம் இந்தியப் பிரிவினைக்கே வழிகோலியது என்ற பொதுக்கூற்று ஆசாத்துக்குப் பொருந்தாது. அவர் 1923லேயே காங்கிரஸ் தலைவரானார், பாகிஸ்தான் கோரிக்கையைக் கடைசிவரை எதிர்த்தார், விடுதலைக்குப் பின் கல்வி அமைச்சரானார்.

முஸ்லிம் நாடுகளின் ஒற்றுமை என்னும் குறிக்கோள் பின்னர் அரசுகளின் கைக்குப் போயிற்று. 1969இல் இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு உருவானது. கொல்கத்தாவிலோ கலீபா போன பிறகும் அந்த இயக்கத்தின் கிலாபத் கமிட்டி போகவில்லை: ரெட் ரோடு பெருநாள் தொழுகையை ஏற்பாடு செய்துவருவது அதுவே.