மேற்கோள் வரைபடமும் நூலகப் பணியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வு வெளியீடுகள் பற்றிய தரவுகளைத் திரட்டி வரைபடமாக்கித் தருதல் இன்று பல்கலைக்கழக நூலகங்களின் சேவைகளுள் ஒன்றாகும். புள்ளிகளும் கோடுகளுமாக அமையும் இவ்வரைபடங்கள் எவற்றைக் காட்டுகின்றன, எவற்றைக் காட்டத் தவறுகின்றன என்னும் வினாவிற்கு அவற்றின் வரலாற்றிலேயே விடை உள்ளது.

வெளியீடுகளை எண்ணிக் கணக்கிடும் முறையே முதலில் தோன்றியது. 1917இல் கோல், ஈல்ஸ் ஆகிய இருவரும் ஒப்பீட்டு உடற்கூற்றியலில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளில் வெளிவந்த படைப்புகளை எண்ணி, அத்துறையின் ஏற்ற இறக்கங்களை வளைகோடுகளாக வரைந்தனர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிகளில் புள்ளியியலைப் பயன்படுத்தும் முறைக்கு 1948இல் 'லைப்ராமெட்ரி' எனப் பெயரிட்டார். இம்முயற்சிகள் எண்ணிக்கையை மையமாகக் கொண்டவை. படைப்புகளுக்கு இடையிலான உறவை வரைந்து காட்டுவது அவற்றின் நோக்கமன்று.

அவ்வுறவை வரையும் முயற்சியை 1964இல் யூஜின் கார்ஃபீல்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மேற்கொண்டனர். மரபுக் குறியீடு குறித்து ஐசக் அசிமோவ் எழுதிய நூலிலிருந்து 40 நிகழ்வுகளைத் தெரிவுசெய்து, அவற்றுக்குரிய ஆய்வுகளின் மேற்கோள்களை வரைபடமாக்கினர். அசிமோவ் சுட்டிய 43 தொடர்புகளுள் 28 மேற்கோள்களால் உறுதிப்பட்டன. அவர் சுட்டாத 31 தொடர்புகள் புதிதாகப் புலப்பட்டன. மேற்கோள் தரவு வரலாற்றாசிரியர் காணாதவற்றைக் காட்டியது. அவர் கண்ட 15 தொடர்புகளைக் காட்டவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது என்பதே இதனால் பெறப்படுவது.

லெய்டன் பல்கலைக்கழகத்தில் உருவான விஓஎஸ்வியூவர் என்னும் இலவச மென்பொருள் 2010இல் ஆய்வுக் கட்டுரை வழி விரிவாக அறிமுகமானபின் வரைதல் எளிதாயிற்று. தரவைச் செம்மை செய்தல் அவ்வாறு எளிதாகவில்லை. தமிழர் பெயர்கள் ஓரிடத்தில் தலைப்பெழுத்துடனும் பிறிதோரிடத்தில் தந்தை பெயரின் முழு வடிவுடனும் பதிவாகின்றன. இதனால் ஆய்வாளர் ஒருவரே இரு புள்ளிகளாகப் பிரிகிறார். 2012இல் தொடங்கிய ஆர்கிட் அடையாள எண் இதற்கு ஓரளவு தீர்வாகும். ஆயின் பன்னாட்டு மேற்கோள் அடைவுகளில் இடம்பெறாத தமிழ் ஆய்விதழ்க் கட்டுரைகளும் கருத்தரங்கத் தொகுப்புகளும் அவற்றின் அடிப்படையில் வரையப்படும் வரைபடத்திற்கு வெளியிலேயே நிற்கின்றன.

பணி உயர்விற்கும் நிதி ஒதுக்கீட்டிற்கும் வரைபடம் சான்றாக்கப்படுமாயின், பதிவாகாத ஆய்வு நிகழாத ஆய்வாகக் கொள்ளப்படும். ஆகவே, தரவின் மூலம், கால எல்லை, விடுபட்ட மொழிகள், விடுபட்ட வெளியீட்டு வகைகள் ஆகியவற்றை ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் குறித்தல் நூலகத்தின் கடமையாகும். துறையறிஞரைக் கொண்டு வரைபடத்தைச் சரிபார்த்தலும் இச்சேவையின் பகுதியாதல் வேண்டும். 1964ஆம் ஆண்டு ஆய்வில் விடுபட்ட 15 தொடர்புகள் அறியப்பட்டமைக்கு, ஒப்பிட்டு நோக்க அசிமோவின் நூல் இருந்தமையே காரணம்.