பழுப்பு நிறம் ஏறும் வரை

நான் லேபில் சேர்ந்த காலத்தில் நெஞ்சு வலி என்று வந்தால் ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியைப் பார்ப்போம். சீரத்தைக் கரைசலில் விட்டு, 37 டிகிரி வாட்டர் பாத்தில் ஒரு மணி நேரம். பிறகு வேறொரு ரசாயனம் விட்டு இருபது நிமிடம். கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் டியூபில் பழுப்பு ஏறும். கலரிமீட்டரில் ரீடிங் எடுத்து எழுதுவதற்குள், நோயாளியின் மகன் வாசலிலிருந்து மூன்று தடவை எட்டிப் பார்த்திருப்பார்.

இதயத் தசை செத்தால் அதிலுள்ள இந்த நொதி ரத்தத்தில் ஏறும் என்று 1954இல் நியூயார்க்கில் கார்மென், லடூ, வ்ரோப்லெவ்ஸ்கி மூவரும் காட்டினார்கள். ஆனால் அது கல்லீரலிலும் உண்டு, காமாலைக்காரருக்கும் ஏறும். அடுத்து வந்த எல்.டி.எச். நொதி சிவப்பணுவில் ஏராளம். சிரிஞ்சிலிருந்து ரத்தத்தை வேகமாகப் பீய்ச்சினால் அணுக்கள் உடைந்து சீரம் ரோஸ் நிறமாகும், ரிசல்ட் பொய்யாகும். புதுப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வதே, ஊசியைக் கழற்றிவிட்டு டியூப் ஓரமாக வழியவிடு என்பதுதான்.

அப்புறம் வந்தது சி.கே. என்ற தசை நொதி. ஒருவருக்கு அது நன்றாக ஏறியிருந்தது, ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. விசாரித்தால், முந்தின நாள் ஒரு கிளினிக்கில் வலிக்கு இடுப்பில் ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி குத்திய தசை கசியவிட்ட சி.கே. அது! எங்கள் ரிப்போர்ட்டை நம்பி அந்தக் குடும்பம் ஒரு ராத்திரி முழுக்க அழுதிருந்தது. 1970களில் சி.கே.யில் இதயத் தசைக்கே அதிகம் உரிய எம்.பி. வகையைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை குறைந்தது, ஒழியவில்லை.

இப்போது பார்க்கும் டிரோபோனின் வந்தது நோயைத் தேடிய வழியில் அல்ல. 1960களில் டோக்கியோவில் எபாஷி என்ற ஆய்வாளர், தசை எப்படிச் சுருங்குகிறது என்று ஆராய்ந்தபோது கிடைத்த புரதம் அது. இதயத்தில் இருப்பது கைகால் தசையில் உள்ளதிலிருந்து அமைப்பில் வேறுபட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஹைடல்பெர்க்கின் ஹியூகோ காட்டுஸ் 1989இல் அதன் ஒரு வகையான டிரோபோனின் டி-க்கு ரத்தப் பரிசோதனை கொண்டுவந்தார். அளவு கூடக் கூட உயிராபத்தும் கூடுகிறது என்பது 1990களில் தெரிந்தது. 2000இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் டிரோபோனினை வைத்து மாரடைப்பின் இலக்கணத்தையே மாற்றின. அதுவரை வெறும் ஆஞ்சைனா என்றிருந்த பலர் மாரடைப்புக் கணக்கில் சேர்ந்தார்கள்.

டிரோபோனினுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு. கிட்னி கெட்டவர் பலருக்கு அது எப்போதும் கொஞ்சம் ஏறியே நிற்கும். ஏறுகிறதா, நிற்கிறதா என்று பார்க்க டாக்டர் சில மணி நேரத்தில் இன்னொரு டியூப் கேட்பார். மகனை மறுபடி உட்காரச் சொல்வேன்.