கலயமும் சுண்ணாம்பும்: நொதியின் இன்னொரு வரலாறு

நொதியின் வரலாறு நமக்கு ஐரோப்பியப் பரிசோதனைக்கூடத்தின் கதையாடலாகவே கற்பிக்கப்பட்டிருக்கிறது. 1877இல் வில்லி கூனே என்ற ஜெர்மானியர் 'என்சைம்' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'ஈஸ்ட்டுக்குள் இருப்பது' என்று பொருள். உயிருள்ள செல் இல்லாமல் சாராயப் புளிப்பு இல்லை என்றார் பாஸ்டர். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897இல், எடுவர்ட் புக்னர் ஈஸ்ட்டை மணலோடு உரலில் அரைத்துப் பிழிந்தார். செல் செத்துப்போச்சு. சாறு கெடாமல் இருக்கச் சர்க்கரை போட்டார். அது நுரைத்துப் பொங்கியது. உயிரின் வேலையைச் செல்லுக்கு வெளியேயும் நடத்தலாம் என்றானது. 1907இல் நோபல் பரிசு.

இந்தக் கதையாடலில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வானம் பார்த்த பூமிக்கு இடமில்லை. இங்கே பாளை சீவிக் கலயம் கட்டுகிறவர் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறார். தடவாவிட்டால் சொட்டுகிற நீரில் ஈஸ்ட் பெருகும். அதன் இன்வர்டேஸ் நொதி சுக்ரோஸை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைக்கும்; செல்லுக்குள் இருக்கிற மற்ற நொதிகள் ஆளுக்கொரு வேலையாக எடுத்துச் செய்து அதைச் சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றும். சுண்ணாம்பின் காரம் இந்த வரிசையை முடக்குகிறது. சுண்ணாம்பு குறைஞ்சா புளிச்சுப்போகும்; கூடினா ருசி கெடும். சுக்ரோஸ் உடைந்துவிட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் கருப்பட்டி சரியாக இறுகாது. அந்த நட்டத்தைக் கொப்பரையடியில் நின்று முதலில் பார்ப்பவள் காய்ச்சுகிற பெண்தான்.

'நம் முன்னோர் அன்றே அறிந்தனர்' என்ற பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பனையேறி நொதியைக் கண்டுபிடிக்கவில்லை; அதன் வேலையை நிறுத்தத் தெரிந்திருந்தார். பெயரிட்டவனுக்கு வரலாறு கிடைத்தது. கைப்பக்குவம் தெரிந்தவருக்கு என்ன கிடைத்தது?

வழக்கு கிடைத்தது. 1937இல் சேலத்தில் தொடங்கி 1948இல் சென்னை மாகாணம் முழுக்கப் பரவிய மதுவிலக்கு, ஒரே பாளையின் நீரை இரண்டாகப் பிரித்தது. புளிக்காதது பதனீர், புளித்தது குற்றம். கோடை வெயிலில் சில மணி நேரத்தில் தானாக நடந்துவிடுகிற வேதிவினைக்கு எல்லைக்கோடு போடும் அதிகாரம் காவலர் கைக்குப் போனது. உள்ளூர்ச் சமூகமும் துணை நிற்கவில்லை. வணிகத்தால் எழுந்த நாடார்களின் 'ஆறு ஊர்'களில் அருப்புக்கோட்டையும் பாலையம்பட்டியும் உண்டு. பேட்டையும் பள்ளியும் உயர்வின் அடையாளங்களாகக் கட்டமைக்கப்பட்ட அந்த வரலாற்றில் மரமேறுகிறவர் பின்னுக்குத் தள்ளப்பட்டார்.

1987இல் கள்ளுக்கடைகள் மறுபடி மூடப்பட்டன. 2003 முதல் அரசு நிறுவனமே மதுவைச் சில்லறையில் விற்கிறது. ஆலையில் கரும்பாலைக் கழிவுப்பாகைப் புளிக்கவைப்பதும் அதே ஈஸ்ட்தான், அதே நொதிகள்தான். அங்கே அவற்றுக்கு உரிமம். கலயத்தில் அவையே குற்றம். இந்த வேறுபாட்டை உயிர்வேதியியல் விளக்காது. சாதி, மூலதனம், அரசு என்ற இன்னொரு வரிசைதான் விளக்கும். நொதியின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் புக்னரின் உரலுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கலயத்தையும் வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.