திண்ணை உபாத்தியாயரின் குடித்தனம்

வீட்டுக் கவலையைப் பள்ளிக்கூடத்திற்கும் பள்ளிக்கூடத்துக் கவலையை வீட்டிற்கும் கொண்டுபோகலாகாது என்று இக்காலத்து ஆசிரியர்களுக்குச் செய்யப்படும் உபதேசத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் ஒருவர் கேட்டிருப்பாராயின் சிரித்திருப்பார். ஏனெனில், பல ஊர்களில் அவர் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடமாக இருந்தபடியால், அவருடைய உத்தியோகத்திற்கும் சம்சாரத்திற்கும் நடுவே இருந்தது ஒரு வாசற்படி மாத்திரமே.

விடியற்காலையிலேயே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். 1823-இல் பெல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்பெல் எழுதிய அறிக்கையின்படி, முதலில் வந்தவன் உள்ளங்கையில் சரஸ்வதியின் நாமத்தையும், இரண்டாமவன் கையில் ஒரு சுழியத்தையும் எழுதுவார்கள். மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி, பிறகு வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். அதன்பின் மணலில் எழுத்தும், சுவடியில் பாடமும், எண்சுவடி முறைபோடுதலும் நடக்கையில், உபாத்தியாயர் ஸ்நானத்திற்கோ போஜனத்திற்கோ எழுந்துபோனாலும் பள்ளிக்கூடம் நில்லாது, மாணாக்கர் தலைவனான சட்டாம்பிள்ளை பார்த்துக்கொள்வான். இவ்வாறு பிள்ளைகளைக்கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை, சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பையன்கள் விடுதியை நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் கையாண்டு, 1797-இல் புஸ்தகமாக வெளியிட, அது இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்றே பெயர்பெற்றது.

முறைக்குக் கிடைத்த கீர்த்தி, முறைகாரருக்குச் சோறாகவில்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில், சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்களும் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாகக் கணக்குக் காட்டுகிறார். சராசரி ஒரு பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள். தலைக்கு மாதம் நாலணா முதல் எட்டணா வரையில் வசூலானாலும், உபாத்தியாயரின் வருமானம் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லையென்றும், அது தகுதியுள்ளவர்களை இத்தொழிலுக்கு இழுக்கப் போதாதென்றும் அவரே அபிப்பிராயப்பட்டிருக்கிறார்.

எஞ்சிய குடித்தனத்தை ஊர்தான் தாங்கியது. பிள்ளைகள் அரிசியும் காய்கறியும் விறகும் கொண்டுவருவார்கள்; நவராத்திரியில் கோலாட்டத்தோடு வீடுவீடாகப் பாடிச் சென்று உபாத்தியாயருக்குச் சம்பாவனை சேர்ப்பார்கள். அதற்கு மறுபக்கமும் உண்டு. வாத்தியார் வீட்டுத் தண்ணீர்க்குடம் மாணாக்கன் தலையிலேறுவதையோ, குற்றம் செய்தவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டத்தையோ பெற்றோர் வாய்திறந்து கண்டிப்பது அரிது. அவ்வாறே, நெல் அளக்கத் தவறிய மிராசுதாரரை உபாத்தியாயரும் கடிந்துகொள்ள இயலாது.

1854-ஆம் வருஷத்துக் கல்வி அறிக்கைக்குப் பின் சர்க்கார் மானியம் வரத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து இன்ஸ்பெக்டரும் ஆஜர்ப் பட்டியும் மணியும் வந்து, பள்ளிக்கூடம் படிப்படியாகத் திண்ணையை விட்டு இறங்கிற்று. அந்நியோன்னியம் போய்விட்டதே என்று வருந்துவோர் பலர். ஆனால் அந்த அந்நியோன்னியத்தில் ஒரு பாதி, ஊரார் முழுச் சம்பளம் கொடாத குறையை மரியாதையால் நிரப்பிய ஏற்பாடேயாகும். ஆசிரியருக்கு மாலை நேரமும் மாதச் சம்பளமும் உரிமையாகக் கிடைப்பதைச் சலுகையென்று பேசுவோர், மன்றோ எழுதிய அந்த ஆறேழு ரூபாயை மறந்துவிடலாகாது.